சூப்பர்சாக்ஸ் கேட்டவங்க, வாசிச்சவங்க: உங்க அனுபவம் என்ன?

நடு_டெனர்

போன வாரம் இங்கே ஒருத்தர் கேட்டிருந்தார். அஞ்சு சாக்ஸபோன் சேர்ந்து வாசிச்ச சூப்பர்சாக்ஸ் பேண்டின் 'சூப்பர்சாக்ஸ் ப்ளேஸ் பேர்ட்' தட்டில் இருக்கிற சாக்ஸ் சோலோ (ஒருத்தர் தனியா, அப்பவே யோசிச்சு வாசிக்கிறது) எல்லாம் 'பேர்ட்'னு பட்டப்பேர் கொண்ட ஜாஸ் மேதை சார்லி பார்க்கர் வாசிச்சது, 1955லயே மனுஷன் போய்ச் சேர்ந்தாச்சு, 1973ல அதை அஞ்சு சாக்ஸுக்கு பிரிச்சு எழுதிக் கொடுத்த அரேஞ்சருக்கு இதில் என்ன பெருமைன்னு. அது மண்டையைக் குடைஞ்சுக்கிட்டே இருக்கு.

நான் கலிஃபோர்னியாவில் ஒரு அமெச்சூர் பேண்டில் இரண்டாவது டெனர் சாக்ஸ் வாசிக்கிறவன். அந்தத் தட்டில் இருக்கிற 'மூஸ் த மூச்' சார்ட் (நோட்டு எழுதின தாள்) கைக்கு வந்தது. வீட்டில் என் பார்ட்டை மட்டும் வாசிச்சுப் பார்த்தா பாட்டு மாதிரியே இல்லை. ஒரே நோட்டு திரும்பத் திரும்ப, அப்புறம் சம்பந்தமே இல்லாம ஒரு தாவல், மறுபடி பழைய நோட்டு. ரிகர்சல் அன்னைக்கு லீட் ஆல்டோ சாக்ஸ்காரரும் பாரிடோன் சாக்ஸ்காரரும் லேட். மெட்டு அவங்க ரெண்டு பேர்கிட்டதான் இருக்கு: ஆல்டோ மேலே, பாரிடோன் அதையே ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) கீழே. நடுவில் மாட்டின நாங்க மூணு பேர் மட்டும் ஆரம்பிச்சோம். பியானோக்காரர் கோட்டைக் கழற்றிக்கிட்டே, "என்ன எக்சர்சைஸ் இது?"ன்னார். வாழ்நாள் பூரா பார்க்கர் வாசிக்கிறவர் அவர்!

பிறகு அந்த ரெண்டு பேரும் வந்து உட்கார்ந்தாங்க. முதல் எட்டு பார் (தாளக் கட்டம்) தாண்டினதும் பியானோக்காரர் சிரிச்சுட்டார். நாங்க மூணு பேரும் ஒரு நோட்டைக்கூட மாத்தி வாசிக்கலை.

அந்த மூணு வரி பார்க்கர்கிட்ட கிடையாது. மெட் ஃப்ளோரியும் பட்டி கிளார்க்கும் எழுதினது.

மார்ஷ்_கட்சி

சார், கதை நல்லாயிருக்கு. ஆனா என் வயிற்றெரிச்சல் வேற. அட்டையில் வார்ன் மார்ஷ் பேரைப் பார்த்துத்தான் வாங்கினேன். ஜாஸ் பியானோக்காரர் லெனி டிரிஸ்டானோவின் சிஷ்யர், டெனரில் அந்த மாதிரி யோசிக்கிறவங்க ரொம்பக் குறைச்சல். முதல் பக்கம் முடிஞ்சது, அவர் சோலோ வரலை. திருப்பிப் போட்டேன், அதிலும் வரலை. டிரம்பெட்டில் கான்டி கேண்டோலிக்குக் கிடைக்குது, பியானோவில் ரானல் பிரைட்டுக்குக் கிடைக்குது. சாக்ஸ் வாசிக்கிற அஞ்சு பேருக்கும் பேப்பர்ல இருக்கிறதுதான். பார்க்கர் அந்த நிமிஷத்தில் யோசிச்சு வாசிச்சதை மனப்பாடப் பகுதி ஆக்கிட்டு அதுக்குப் பேரு காணிக்கையா? தட்டை அதே கடையில் திருப்பிக் கொடுத்துட்டேன். 1974ல கிராமி கொடுத்தாங்கன்னு யாரும் சொல்ல வராதீங்க, தெரியும்.

அரை_வேகம்

நான் வாசிக்கத் தெரியாதவன், கேட்கிறவன் மட்டும். அதே தட்டில் இருக்கிற 'கோ-கோ'வை ஃபோனில் பாதி வேகத்துக்கு இறக்கிக் கேட்டேன். 1945ல பார்க்கர் வாசிச்சது ரெண்டு கோரஸ் (பாட்டோட முழுச் சுற்று), 128 பார், நிமிஷத்துக்கு ஏறக்குறைய 300 தட்டு. அந்த வேகத்தில் சூப்பர்சாக்ஸ் வரும்போது எனக்கு ஒரே ஒரு தடிமனான சாக்ஸ்தான் கேட்கும். பாதியாக்கினதும் ஒவ்வொரு நோட்டுக்கும் கீழே முழு கார்ட் (சேர்ந்து ஒலிக்கிற நோட்டுகள்) நிக்குது! கண் சிமிட்டுற நேரத்தில் ஓடிப்போற நோட்டுக்குக்கூட. அந்த நோட்டு அடிப்படை கார்டில் இல்லாததா இருந்தா, அதுக்குன்னு தனியா ஒரு கார்ட் வெச்சு உடனே இறக்கி விட்டுடறாங்க. சோறு ஆறிப்போச்சுன்னு வீட்ல சத்தம் போடுற வரைக்கும் கேட்டுக்கிட்டிருந்தேன்.

மார்ஷ்_கட்சி, மனப்பாடம்னா இந்த நடு வரிகளை எங்கிருந்து மனப்பாடம் பண்ணினாங்க?

பழைய_ரீடு

'பார்க்கர்ஸ் மூட்'. முதல் ரெண்டு பாரில் அஞ்சு பேரும் ஒண்ணா மூச்சு எடுக்கிறது கேட்டது, மயிர்க்கூச்செறிஞ்சது. என் அனுபவம் அவ்வளவுதான்.

ஆனா புதுசா கேட்க வர்றவங்களுக்குச் சில விஷயம் சொல்லிடறேன். முதல்ல ஒரிஜினலைக் கேளுங்க, சவாய், டயல் ரெண்டு கம்பெனிப் பதிவும். 'ஜஸ்ட் ஃபிரெண்ட்ஸ்' என்றால் 1949ல ஸ்டிரிங்ஸோட வாசிச்சது. சோலோவை வாயால் முணுமுணுக்க வந்த பிறகுதான் சூப்பர்சாக்ஸ். ஃபோன் ஸ்பீக்கரில் கேட்கவே கேட்காதீங்க, பாரிடோன் காணாமப் போயிடும், அது போனா இந்த அரேஞ்ச்மென்ட்டில் பாதி போச்சு. பாரிடோன் வாசிக்கிற ஜாக் நிமிட்ஸ் ஆல்டோ வேகத்தை அந்தப் பெரிய குழாயில் எப்படி ஓட்டுறார்னு தனியா கவனிங்க. வாசிக்கிறவங்க நோட்டைப் பத்திக் கவலைப்படாம நாக்கைப் பத்திக் கவலைப்படுங்க. பார்க்கர் எந்த நோட்டை நாக்கால் தட்டினார், எதை விழுங்கினார்னு அஞ்சு பேரும் பென்சிலால் ஒரே மாதிரி குறிச்சுக்கணும். மெட்ரோனோமை (தாளம் தட்டுற கருவி) ரெண்டாவது, நாலாவது தட்டில் மட்டும் வெச்சுக்குங்க. விலை ஏத்தி விக்கிற பழைய அச்சுத் தட்டு தேவையில்லை. ரீடு (ஊதுற முனையில் வைக்கிற நாணல் பட்டை) மட்டும் நல்லதா வாங்குங்க, அதில் சிக்கனம் பார்க்காதீங்க.

நாலு_பார்

ரீடு யார் கேட்டா?

'எ நைட் இன் டுனீஷியா'. பார்க்கரின் அந்த நாலு பார் பிரேக் எல்லாருக்கும் தெரியும், பியானோ, பாஸ், டிரம்ஸ்னு ரிதம் செக்‌ஷன் மொத்தமும் நின்னுடும். 1946 பதிவில் அவர் ஒத்தை ஆள், மனசுக்குள்ள எண்ணிக்கிட்டார், இறங்கிட்டார். அஞ்சு பேர்னா யார் எண்ணிக்கையை யார் நம்பறது? ஒரு கல்லூரி பேண்ட் இந்த மாதிரி அஞ்சு சாக்ஸுக்கு எழுதினதை வாசிக்கிறதை நேர்ல பார்த்தேன். முதல் பார் அபாரம். ரெண்டாவதில் டெனர் ஒண்ணு முந்துச்சு. மூணாவதில் அஞ்சு பேரும் அஞ்சு ஊருக்குப் போயிட்டாங்க. டிரம்ஸ் பையன் மட்டும் அசையாம உதட்டை அசைச்சு எண்ணிக்கிட்டே இருந்து, சரியான இடத்தில் பளார்னு அடிச்சான். பின்னாலேயே எல்லாரும் வந்து ஒட்டிக்கிட்டாங்க. நான் கைதட்டினது அவனுக்கு.

வீட்டுக்கு வந்து சூப்பர்சாக்ஸ் பதிவைப் போட்டேன். எழுதறது ஒரு வேலை, அதை நிக்க வைக்கிறது இன்னொரு வேலை. ஃப்ளோரி ஆல்டோவில் உட்கார்ந்திருக்கார், கிளார்க் பாஸ் வாசிக்கிறார். எழுதின ரெண்டு பேருமே பேண்டுக்குள்ளயே இருக்காங்க.

நடு_டெனர்

நாலு_பார், எங்க பேண்டிலும் டுனீஷியாவை எடுக்கலாம்னு பேச்சு இருக்கு. அந்த டிரம்ஸ் பையன் வருவானா?

பழைய_ரீடு, நாக்கு விஷயம் உபயோகமானது, பென்சில் எடுத்தாச்சு. பாரிடோன்காரர்கிட்ட உங்க பதிவைக் காட்டினேன், அவர் பத்தி எழுதினதை மட்டும் ரெண்டு தடவை படிச்சார்.

மார்ஷ்_கட்சி

நடு வரிகள் அருமை, ஒத்துக்கறேன். வார்ன் மார்ஷுக்கு ஏன் பதினாறு பார்கூட விடலைன்னு இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லலை.