மேலே ஐஸ், கீழே வெந்நீர்: ஐஸ் பெட்டிக்கு என்ன கோளாறு?

கேள்வி (ஆயர் ஈத்தாம், பினாங்கு):
ஒன்பது வயதான இரட்டைக் கதவு ஐஸ் பெட்டி. மேல்தட்டில் மீன் கல்லாக உறைகிறது. கீழ்த்தட்டில் நேற்று வைத்த தோசை மாவு பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு முட்டைகள்மீது வழிந்துவிட்டது. பார்க்க வந்தவர் கம்ப்ரசர் போய்விட்டது, 600 வெள்ளி (ரிங்கிட்) ஆகும் என்கிறார். நம்பலாமா?

பதில்:
நம்பாதீர்கள், அக்கா. கம்ப்ரசர் போயிருந்தால் மீன் எப்படி உறையும்? இந்த வகையில் குளிர் மேலே உண்டாகிறது. விசிறிதான் கீழே தள்ளுகிறது. பின்பலகைக்குள் குளிர்க்குழாயை ஐஸ் மூடியிருக்கும், காற்றுக்கு வழியில்லை. மின்சாரத்தை நிறுத்தி, கதவுகளைத் திறந்து 24 மணி நேரம் விடுங்கள். கீழே பழைய துண்டுகளை விரியுங்கள். கத்தியால் மட்டும் குத்தாதீர்கள். நான் அப்படித்தான் குழாயை ஓட்டையாக்கி, வாயு போய், பெட்டியையே தூக்கிப் போட்டேன்.

இன்னொரு பதில்:
மேல்கதவு ரப்பரையும் பாருங்கள். ஒரு வெள்ளி நோட்டை இடையில் வைத்து மூடி இழுங்கள். சுலபமாக வந்தால் நம் ஊர் ஈரக்காற்று உள்ளே புகுகிறது.

கேட்டவர்:
இரண்டு வாளித் தண்ணீர்! நோட்டு கீழ்மூலையில் வழுக்கியது. வெந்நீர்த் துணியால் ஒற்றியதும் ரப்பர் நிமிர்ந்தது. இப்போது கீழே 4 டிகிரி.

முதலில் பதிலளித்தவர்:
இரண்டு வாரத்தில் மறுபடி ஐஸ் கட்டினால் ஐஸ் உருக்கும் ஹீட்டரையோ அதன் சென்சாரையோ சோதிக்கச் சொல்லுங்கள். அதற்கு 600 வெள்ளி ஆகாது.