"உங்கள் போனில் 4 வைரஸ்" என்று வந்துகொண்டே இருக்கிறது, அழிக்க முடியாத ஆப் ஒன்றும் இருக்கிறது. உதவுங்கள்

பிளவுஸ்கடை (பழைய வண்ணாரப்பேட்டை)

வணக்கம். எம்.சி. ரோடு பக்கத்துச் சந்தில் பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். கடைக்கென்று ஒரு ஆண்ட்ராய்டு போன் உண்டு. ஆர்டர் வாங்குவது, அளவுச் சீட்டைப் போட்டோ எடுத்து வைப்பது, பணம் வாங்குவது எல்லாம் அதில்தான். வேலை செய்யும் பெண்களும் எடுப்பார்கள், சாயங்காலமானால் என் தங்கை பையனும் எடுப்பான்.

கொஞ்ச நாளாகவே மேலே சிவப்பு முக்கோணம் போட்ட நோட்டிபிகேஷன் வருகிறது. "உங்கள் போன் 4 வைரஸ்களால் கடுமையாகச் சேதமடைந்துள்ளது. சிம் கார்டு செயலிழக்கும். உடனே சுத்தம் செய்யவும்." போன் மாடலைச் சரியாகச் சொல்கிறது. கீழே சென்னை என்றும் போட்டிருக்கிறது. தொட்டால் ஒரு பக்கம் திறந்து, இரண்டு நிமிடத்திலிருந்து நேரம் குறைந்துகொண்டே வருகிறது. தள்ளிவிட்டால் சற்று நேரத்தில் இன்னொன்று.

இது போதாதென்று, கஸ்டமருக்கு வாட்ஸ்அப்பில் பதில் எழுதும்போதே திரை முழுக்க விளம்பரம். மூடுகிற எக்ஸ் குறியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. ஆப் லிஸ்டில் கிளீனர் என்ற பேரில் ஒன்று இருக்கிறது. அன்இன்ஸ்டால் பட்டன் மங்கலாகக் கிடக்கிறது, அமுக்கினால் ஒன்றும் நடப்பதில்லை.

மொபைல் கடையில் காட்டினேன். "சாஃப்ட்வேர் போடணும், 600 ரூபாய், உள்ளே இருக்கிறது எல்லாம் போயிடும்" என்றார்கள். ஆடித் தள்ளுபடியில் துணி எடுத்தவர்கள் எல்லாம் ஆவணி முகூர்த்தத்துக்குத் தைக்கக் கொடுத்திருக்கிறார்கள். அத்தனை பேர் அளவும் இந்தப் போனில் இருக்கிறது. எதையும் அழிக்காமல் சரி பண்ண முடியுமா? நிஜமாகவே வைரஸா?

ரயில்வே கேட்

ரீசெட் பண்ணிடுங்க. அப்புறம் நல்ல ஆன்டிவைரஸ் ஒன்று போடுங்க. இதுதான் ஒரே வழி.

ராயபுரம் வயர்மேன்

ரீசெட் வேண்டாம் அக்கா. அது கடைசி வழி. இப்போதைக்கு 600 ரூபாயும் வேண்டாம். ஆன்டிவைரஸ் தேடி எதையாவது இறக்கவும் வேண்டாம். அந்தக் கிளீனரே அப்படி "சுத்தம் செய்" என்று அமுக்கியதில்தான் வந்திருக்கும்.

உங்களுக்கு இருப்பது ஒரு தொந்தரவு இல்லை, இரண்டு. நோட்டிபிகேஷன் வருவது ஒரு இடத்திலிருந்து, திரை முழுக்க விளம்பரம் வருவது இன்னொரு இடத்திலிருந்து. ஒன்றை எடுத்தால் மற்றது போகாது. அதனால்தான் பலர் பாதியில் சலித்துப்போய் ரீசெட்டுக்குப் போகிறார்கள்.

முதலில் அந்த வைரஸ் செய்தி. பிரவுசரில் திறக்கும் ஒரு வலைப்பக்கத்தால் உங்கள் போனுக்குள் புகுந்து வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கவே முடியாது. தெருவில் போகிறவன் வாசலில் நின்று "உங்க பீரோவுல கரையான்" என்று கத்துவது மாதிரிதான். அந்த எண்ணிக்கையும் ஓடுகிற கடிகாரமும் அந்த வலைப்பக்கத்திலேயே எழுதி வைத்தவை. யார் திறந்தாலும் அதே 4 வைரஸ்தான். போன் மாடல் எப்படித் தெரியும் என்றால், எந்தத் தளம் கேட்டாலும் பிரவுசர் அதைச் சொல்லிவிடும். ஊர், இன்டர்நெட் இணைப்பின் ஐ.பி. முகவரியை வைத்து ஊகிப்பது. பயத்தில் நீங்கள் ஒரு ஆப்பை இறக்கினால் அவர்களுக்குக் கமிஷன்.

அது எப்படி உள்ளே வந்தது? யாரோ கிரிக்கெட் லைவோ புதுப்படமோ பார்க்கப் போயிருப்பார்கள். "நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலோ அமுக்கவும்" என்று வந்திருக்கும். அந்த அலோ ரோபோ சோதனை இல்லை, "எனக்கு நோட்டிபிகேஷன் அனுப்பிக்கொள்" என்ற அனுமதி. தங்கை பையனைத் திட்ட வேண்டாம், பெரியவர்களே அமுக்குகிறார்கள்.

எடுக்கும் விதம்: அடுத்த முறை வரும்போது அதைத் திறக்காதீர்கள். விரலை அதன்மேல் வைத்து அழுத்திப் பிடியுங்கள். மேலே குரோம் என்று இருக்கும், கூடவே ஏதோ ஒரு தளத்தின் முகவரி இருக்கும். சில போன்களில் அங்கேயே அன்சப்ஸ்கிரைப் என்று வரும். வராவிட்டால் குரோமைத் திறந்து மேலே மூன்று புள்ளி, செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், நோட்டிபிகேஷன்ஸ். அலோட் என்ற தலைப்பின் கீழே இருக்கும் தெரியாத முகவரி அத்தனையையும் பிளாக் பண்ணுங்கள். ஒன்று இரண்டு என்று நினைக்காதீர்கள், வரிசையாக இருக்கும்.

இனி அந்தக் கிளீனர். அன்இன்ஸ்டால் மங்கலாக இருந்தால் பெரும்பாலும் அது டிவைஸ் அட்மின், அதாவது போனை நிர்வகிக்கும் அனுமதியை வாங்கி வைத்திருக்கும். செட்டிங்ஸ் மேலே இருக்கும் தேடல் பெட்டியில் டிவைஸ் அட்மின் என்று அடியுங்கள், போனுக்குப் போன் இடம் மாறும் என்பதால் தேடுவதுதான் சுலபம். அங்கே கிளீனருக்கு நேராக இருக்கும் சுவிட்சை அணைத்துவிட்டு வந்து அன்இன்ஸ்டால் பண்ணுங்கள். ஃபைண்ட் மை டிவைஸ், அல்லது ஃபைண்ட் ஹப் என்று இருப்பதைத் தொடாதீர்கள். அது கூகுளுடையது, போன் தொலைந்தால் தேட உதவும்.

சுவிட்சை அணைக்கவே விடாமல் நடுவில் விளம்பரம் வந்து மறித்தால் சேஃப் மோடு போங்கள். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து, திரையில் வரும் பவர் ஆஃப் மேலே விரலை அழுத்தி வைத்தால் பல போன்களில் சேஃப் மோடு கேட்கும். அந்த நிலையில் நாம் இறக்கிய ஆப் எதுவும் ஓடாது. வாட்ஸ்அப்பும் ஓடாது, பதறாதீர்கள், செய்தி எங்கும் போகாது. வேலை முடிந்ததும் ரீஸ்டார்ட் பண்ணினால் பழையபடி ஆகிவிடும்.

காலடிப்பேட்டை

வயர்மேன் அண்ணன் சொன்னதோடு ஒன்று. விளம்பரம் கிளீனரிலிருந்துதான் வருகிறது என்று முடிவு கட்டாதீர்கள். என் மாமியார் போனில் விளம்பரம் போட்டது ஒரு டார்ச் லைட் ஆப். நாங்கள் வேறு எதை எதையோ தூக்கிக்கொண்டிருந்தோம்.

விளம்பரம் திரையை மறைக்கும்போதே, கடைசியாகத் திறந்த ஆப்களைக் காட்டும் ரீசண்ட்ஸ் பட்டனை அமுக்குங்கள். அந்த விளம்பரம் எந்த ஆப்பின் அட்டையில் நிற்கிறது என்று தெரியும். அட்டை மேலே இருக்கும் ஐகானைத் தொட்டால் ஆப் இன்போ போகலாம். சிலது பேரே இல்லாமல் வெறும் வெள்ளைச் சதுரமாக இருக்கும். சிலது செட்டிங்ஸ் மாதிரியே பல்சக்கரப் படம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். போனோடு வந்த நிஜ செட்டிங்ஸுக்கு அன்இன்ஸ்டால் பட்டன் இருக்காது, போலிக்கு இருக்கும். இதை வைத்தே பிடித்துவிடலாம்.

செட்டிங்ஸில் இன்னொரு இடம், டிஸ்ப்ளே ஓவர் அதர் ஆப்ஸ். சாம்சங்கில் அப்பியர் ஆன் டாப் என்று இருக்கும். மற்ற ஆப்பின் மேலே வந்து நிற்கும் உரிமை யாருக்கெல்லாம் இருக்கிறது என்ற பட்டியல் அது. டார்ச் லைட்டுக்கும் கியூ.ஆர். ஸ்கேனருக்கும் அங்கே என்ன வேலை?

ஆக்ஸஸிபிலிட்டியையும் ஒரு தடவை பாருங்கள். இதுதான் உண்மையில் ஆபத்தான அனுமதி. திரையில் இருப்பதைப் படிக்கலாம், உங்களுக்குப் பதிலாகப் பட்டனை அமுக்கலாம். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக வைத்த வசதி, திருடனுக்கும் உதவுகிறது. கிளீனர் அங்கே ஆனில் இருந்தால், அதை எடுக்கும்வரை அந்தப் போனில் பேங்க் ஆப்பைத் திறக்காதீர்கள்.

ஜெராக்ஸ் தேரடி

கேள்வி ஆண்ட்ராய்டு பற்றியது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு உதவும். திருவொற்றியூரில் ஜெராக்ஸ், பிரிண்ட் அவுட் கடை. ஒரு நாள் ரேஷன் கார்டு திருத்தத்துக்கு வந்தவர் உட்கார்ந்திருக்கும்போதே திரை முழுக்க நீலம், மைக்ரோசாஃப்ட் முத்திரை, ஸ்பீக்கரில் சைரன், ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் "கம்ப்யூட்டரை அணைக்காதே" என்று மிரட்டுகிறது. நடுவில் ஒரு போன் நம்பர். மவுஸ் அம்பு காணோம். கூட்டம் முழுக்க என்னைப் பார்க்கிறது.

இதுவும் வெறும் வலைப்பக்கம்தான், முழுத்திரையில் திறந்திருக்கிறது, அவ்வளவே. எஸ்கேப் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும், அப்புறம் மூடிவிடலாம். விலகாவிட்டால் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கி டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை எண்ட் டாஸ்க். மறுபடி பிரவுசரைத் திறக்கும்போது "பழைய பக்கங்களைத் திறக்கவா" என்று கேட்கும், வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் சைரன் மறுபடியும் ஆரம்பித்துவிடும்.

அந்த நம்பருக்கு மட்டும் கூப்பிடக் கூடாது. மைக்ரோசாஃப்ட்டின் நிஜ எச்சரிக்கையில் போன் நம்பரே இருக்காது என்று அந்த நிறுவனமே சொல்லியிருக்கிறது. கூப்பிட்டால், தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்க உதவும் எனிடெஸ்க் மாதிரி ஒன்றை இறக்கச் சொல்வார்கள். அது தப்பான மென்பொருள் இல்லை, ஆனால் அதில் வரும் எண்ணைச் சொல்லி அனுமதி கொடுத்த நிமிடம் உங்கள் கம்ப்யூட்டர் அவன் கையில்.

பிளவுஸ்கடை

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி கடை சாத்திவிட்டு உட்கார்ந்தேன்.

குரோமில் அலோட் பட்டியலைப் பார்த்ததும் தலை சுற்றியது. பேர் வாயில் நுழையாத தளங்கள் திரை முழுக்க. எல்லாவற்றையும் பிளாக் பண்ணினேன். அதன் பிறகு அந்தச் சிவப்பு முக்கோணம் வரவே இல்லை.

கிளீனர் டிவைஸ் அட்மினில்தான் இருந்தது. சேஃப் மோடு தேவைப்படவில்லை. சுவிட்சை அணைக்கும்போது "உங்கள் போன் பாதுகாப்பு இழக்கும்" என்று கடைசியாக ஒரு மிரட்டல் போட்டது, அவ்வளவுதான். ஆனால் காலடிப்பேட்டை சொன்னது போலவே திரை முழுக்க விளம்பரம் மட்டும் நிற்கவில்லை. ரீசண்ட்ஸில் பார்த்தால், போட்டோவை பி.டி.எப். ஆக்குவதற்கு யாரோ இறக்கிய ஆப். அதையும் தூக்கினேன். ஆக்ஸஸிபிலிட்டியில் ஒன்றும் இல்லை. போட்டோக்கள் அப்படியே இருக்கின்றன.

ஒரு சந்தேகம். பேங்க் மெசேஜைப் புரட்டினால் ஒரு இடத்தில் மேண்டேட் கிரியேட்டட் என்று வந்திருக்கிறது. அதற்கு முன்னால் 1 ரூபாய் போயிருக்கிறது. இது என்ன?

ராயபுரம் வயர்மேன்

நல்லவேளை பார்த்தீர்கள். அதுதான் ஆட்டோபே. "1 ரூபாய்க்கு டிரையல்" என்று காட்டி யூ.பி.ஐ. பின் போட வைத்திருப்பார்கள். அந்த ஒரு பின் அடுத்தடுத்த பிடித்தத்துக்கும் சேர்த்துக் கொடுத்த சம்மதம். இப்படிப்பட்ட சந்தாவில் 15,000 ரூபாய் வரைக்கும் ஒவ்வொரு முறையும் பின் கேட்காது. நாம் பெரும்பாலும் அந்த 1 ரூபாயைப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறோம்.

முக்கியமானது, ஆப்பை அன்இன்ஸ்டால் பண்ணினாலும் ஆட்டோபே நிற்காது. பணம் கட்டும் ஆப்பில் உங்கள் படத்தைத் தொட்டு ஆட்டோபே அல்லது மேண்டேட் என்று இருக்கும் இடத்தில் போய் அதை கேன்சல் பண்ணுங்கள். பிளே ஸ்டோர் வழியாகச் சந்தா சேர்த்திருந்தால் அங்கேயும், பேமெண்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் பகுதியில். இரண்டையும் பாருங்கள்.

பிளவுஸ்கடை

இருந்தது. வாரம் 199 ரூபாய் என்று போட்டிருக்கிறது. கேன்சல் பண்ணிவிட்டேன். 1 ரூபாய் தவிர இதுவரை எதுவும் போகவில்லை. போலீஸில் சொல்ல வேண்டுமா?

ஜெராக்ஸ் தேரடி

199 போகாத வரை அதற்காக அலைய வேண்டாம், ஆனால் பாஸ்புக்கை அடுத்த மாதம் வரை கவனியுங்கள். பணம் போயிருந்தால் யோசிக்காமல் 1930. சைபர் கிரைம் உதவி எண், எந்நேரமும். சீக்கிரம் சொன்னால் பணம் போன கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம். அப்புறம் பேங்குக்கும் தனியாகச் சொல்லிப் புகார் எண் வாங்கிக்கொள்ள வேண்டும். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, நீங்கள் தெரிவித்த பிறகு நடக்கும் பிடித்தத்துக்கு வங்கிதான் பொறுப்பு. பின்னை நீங்களே போட்டிருந்தாலும் கூட, சொன்ன நேரத்துக்குப் பிறகு பொறுப்பு வங்கிக்கு மாறிவிடும். அதனால் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வராதீர்கள்.

ரயில்வே கேட்

ஆன்டிவைரஸ் வேண்டவே வேண்டாமா?

காலடிப்பேட்டை

ஏற்கெனவே ஆப்களைச் சோதிக்கும் கூகுளின் பிளே ப்ரொடெக்ட் இருக்கிறதே தம்பி. பிளே ஸ்டோரில் படத்தைத் தொட்டால் வரும், ஸ்கேன் அமுக்கினால் போதும். அதற்கு மேல் வேண்டும் என்றால் மத்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரா தளத்தில் இலவசக் கருவிகள் இருக்கின்றன, 2017 முதல் நடக்கிறது. விளம்பரத்தைத் தொட்டு மட்டும் எதையும் இறக்க வேண்டாம்.

அக்கா, செட்டிங்ஸில் இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ் பட்டியலில் குரோம், வாட்ஸ்அப் இரண்டையும் அணைத்து வையுங்கள். கல்யாணப் பத்திரிகை, டிராபிக் அபராதம் என்று வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. பைல், அதாவது தொட்டால் ஆப்பாக இன்ஸ்டால் ஆகும் பைல், சுற்றுகிறது. முகூர்த்த மாதத்தில் உங்கள் கடைக்குப் பத்திரிகை நிறைய வரும்.

பிளவுஸ்கடை

அணைத்துவிட்டேன். வாட்ஸ்அப்புக்கு ஆனில்தான் இருந்தது. அளவுச் சீட்டெல்லாம் இன்னொரு இடத்தில் காப்பி வைக்க வேண்டும், அதைத் தனியாகக் கேட்கிறேன்.