காரிமங்கலம் தாண்டியதும் கேட்ட டக் டக் சத்தம்

போன மே மாசம் கிருஷ்ணகிரியிலிருந்து சேலத்துக்கு வந்துகொண்டிருந்தோம். டிக்கி நிறைய செந்தூரா, பெங்களூரா மாம்பழங்கள், பின்சீட்டில் அம்மாவும் பசங்களும். காவேரிப்பட்டணம் பக்கத்தில் முன் இடது டயர் பஞ்சர், அங்கேயே ஒரு கடையில் ஒட்டி மாட்டிக் கொடுத்தார்கள். நட்டை எப்படி முறுக்கினார்கள் என்று நான் பார்க்கவே இல்லை, போன் பேசிக்கொண்டு நின்றேன்.

காரிமங்கலம் தாண்டியதும் டக் டக் என்று சத்தம். டயரில் கல் மாட்டியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஸ்டியரிங்கும் கையில் உதற ஆரம்பித்தது. ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தால் நாலு நட்டில் ஒன்று காணோம், இன்னொன்று விரலிலேயே சுற்றுகிறது, ரிம் துளையைச் சுற்றி உலோகம் தேய்ந்து பளபளவென்று இருக்கிறது. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் தொப்பூர் கணவாய் இறக்கம். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

மாம்பழக் கூடைகளையெல்லாம் இறக்கி வைத்துத்தான் வீல் ஸ்பேனரையே எடுக்க முடிந்தது. இருந்த மூன்று நட்டையும் இறுக்கிவிட்டு 30 வேகத்தில் உருட்டிக்கொண்டே தருமபுரி வந்து சேர்ந்தோம். அங்கே ஒரு வயசான மெக்கானிக், வீலைக் கழற்றி முதல் வேலையாக வீல் போய் உட்காரும் ஹப் முகத்தில் இருந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார். "இந்தத் துருவும் மண்ணும் நடுவுல மாட்டினா, நட்டு இறுகின மாதிரிதான் தெரியும் தம்பி, வண்டி ஓட ஓட அது நசுங்கி நட்டு லூஸ் ஆயிடும்" என்றார். அப்புறம் எல்லா நட்டையும், சாய்வான பக்கம் ரிம்மைப் பார்க்கும்படி வைத்து, கையாலேயே மரையில் ஏற்றினார். எதிரெதிராகக் கொஞ்சம் இறுக்கி, ஜாக்கியை இறக்கி டயர் தரையில் நின்ற பிறகுதான் கடைசி இறுக்கு. மரையில் எண்ணெய் விடவே கூடாதாம், வழுக்கிக்கொண்டு அளவுக்கு மீறி இறுகிவிடும்.

சரி, பயத்தில் ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதிப்பவர்களும் இருக்கிறார்கள். என் மச்சான் அப்படித்தான், அடுத்த தடவை கழற்றும்போது அவர் வண்டியில் நட்டு ஏறும் போல்ட்டான ஸ்டட்டே முறிந்தது. என் வண்டியின் புத்தகத்தில் நட்டை இறுக்க வேண்டிய அளவு 85 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருக்கிறது, வண்டிக்கு வண்டி இது மாறும். 30 செ.மீ. ஸ்பேனர் நுனியில் சுமார் 29 கிலோ அழுத்தினாலே அந்த அளவு வந்துவிடும். 70 கிலோ ஆள் ஏறி நின்றால் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அதனால் அளவு பார்த்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்கிவிட்டேன். கடையில் ஏர் கன்னால் அடித்தால்கூட, லூசாக்கச் சொல்லி என் ரெஞ்சால் திரும்ப இறுக்கிக்கொள்கிறேன். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

காத்து மாதம் ஒருமுறை, காலையில் டயர் சூடாகும் முன் பார்க்கிறேன், ஸ்டெப்னிக்கும் சேர்த்து. வீல் கழற்றி மாட்டிய பிறகு 50, 100 கிலோமீட்டருக்குள் நட்டை மறுபடி சரிபார்ப்பதை மட்டும் விடுவதே இல்லை. போன வாரம் டயர் மாற்றிவிட்டு அரூர் போய் வந்ததும் வீட்டு வாசலில் வைத்துப் பார்த்தேன், பின் வலது வீலில் ஒரு நட்டு இன்னும் கால் சுற்று உள்ளே போனது.