ஐவிஎம்: பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு ஏற்ற மாற்றா?

கேள்வி:
எனக்குப் பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குறி) உள்ளது. ஸ்கேனில், சினைப்பையில் முட்டை வளரும் சிறு நுண்குமிழ்கள் மிக அதிகமாகத் தெரிவதால், ஐவிஎஃப் (சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு) ஊசிகளால் சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு வயிற்றில் நீர் கோக்கலாம் என்று மருத்துவர் எச்சரித்தார். முட்டையை முதிராத நிலையிலேயே எடுத்து ஆய்வகத்தில் முதிர வைக்கும் ஐவிஎம் இதற்கு மாற்றாகுமா?

பதில் 1:
உங்களைப் போன்றவர்களுக்கே இம்முறை அதிகம் பொருந்தும். ஊசியே இல்லாமலோ, சில நாள்கள் மட்டும் போட்டோ, சிறு நுண்குமிழ்களிலிருந்து முட்டைகளை உறிஞ்சி எடுத்து, ஹார்மோன் சேர்த்த வளர்ப்புக் கரைசலில் ஏறத்தாழ 24 முதல் 48 மணி நேரம் வைப்பார்கள். முதிர்ந்தவற்றுக்குள் பெரும்பாலும் இக்ஸி முறையில் விந்தணுவைச் செலுத்துவார்கள். எடுத்தவை அனைத்தும் முதிர்வதில்லை. பிசிஓஎஸ் உள்ளவர்களிடம் இதனால் கருத்தரிப்பு சாத்தியம் என்பதை ஆஸ்திரேலியக் குழு 1994இலேயே காட்டியது. அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கமும் 2021இல் இதைப் பரிசோதனை முறை என்று கருதத் தேவையில்லை என்றது.

பதில் 2:
வெற்றி விகிதத்தையும் பார்க்க வேண்டும். வியட்நாமின் ஹோ சி மின் நகரில், நுண்குமிழ்கள் அதிகமுள்ள 546 பெண்களிடம் நடத்தி 2020இல் வெளியான ஆய்வில், கருவை முதல்முறை கருப்பைக்குள் வைத்த பின் குழந்தை பிறந்தது ஐவிஎம்மில் 35.2 சதவீதம், ஐவிஎஃப்பில் 43.2 சதவீதம்; இவ்வேறுபாடு புள்ளியியல்படி உறுதியானதன்று. மிகைத்தூண்டல் சிக்கல் ஐவிஎம் பிரிவில் எவருக்கும் வரவில்லை. ஐவிஎஃப் பிரிவிலும் 0.7 சதவீதமே. முதிர்வூட்டும் ஊசியை மாற்றி, கருக்கள் அனைத்தையும் உறையவைத்தால் ஐவிஎஃப்பிலும் ஆபத்து வெகுவாகக் குறையும் என்பதால், அவ்வழியையும் மருத்துவரிடம் கேளுங்கள். ஐவிஎம்மைத் தேர்ந்தால், அதைத் தொடர்ந்து செய்துவரும் ஆய்வகம்தானா என்று விசாரிப்பது கட்டணத்தை விசாரிப்பதைவிட முக்கியம்.