கண்ணைக் கட்டிச் செஸ் ஆடினால் கணக்குப் போடும் திறன், அதாவது அடுத்தடுத்த நகர்த்தல்களை மனதிலேயே ஆடிப் பார்க்கும் திறன், வளருமா?

குதிரைவீரன்: மூன்று மாதமாக நண்பனுடன் போர்டு பார்க்காமல் செஸ் ஆடுகிறேன். நகர்த்தல்களை வாயால் சொல்லிக்கொள்வோம். முதலில் பத்தாவது நகர்த்தலிலேயே எந்தக் காய் எங்கே என்று குழம்பிவிடும். இப்போது முப்பது வரை தாங்குகிறது. நேரில் ஆடும்போதும் கணக்கு தெளிவாக ஓடுகிறது. எல்லாரும் பழகுங்கள்.

இறுதியாட்டம்: அதே மூன்று மாதத்தில் எத்தனை செஸ் புதிர் போட்டீர்கள்? அந்தப் பலனையும் கண்கட்டின் கணக்கில் எழுதாதீர்கள். 1947-ல் சாவ் பாவ்லோவில் செஸ் வீரர் நைடோர்ஃப் ஒரே சமயத்தில் 45 போர்டுகளில் பார்க்காமல் ஆடினார். அதை ஆடியதால் அவர் பெரிய ஆட்டக்காரர் ஆகவில்லை. பெரிய ஆட்டக்காரர் என்பதால்தான் ஆட முடிந்தது. ஆய்வாளர்கள் சேஸும் சைமனும் 1973-ல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டுகிறது. நிஜ ஆட்டத்தில் வந்த நிலையை ஐந்து விநாடி காட்டினால் மாஸ்டர் பெரும்பாலான காய்களைச் சரியாக வைத்தார். கன்னாபின்னாவென்று அடுக்கிக் காட்டியபோது புதியவரைவிட ஒன்றும் கூடுதலாக வைக்கவில்லை. ஆக, வேலை செய்வது பழகிய அமைப்புகளின் நினைவு.

குதிரைவீரன்: சரி, என் அனுபவத்தைக் கேளுங்கள். சென்ற ஆண்டு ஒரு போட்டியில் எஃப்3 கட்டத்தில் நின்ற குதிரையை இ5 கட்டத்தில் வெட்டுக் கொடுத்துத் தாக்குதல் கணக்குப் போட்டேன். எதிராளியின் ராணி எச்4-க்கு வர முடியாது, குதிரை காக்கிறது என்று மனம் சொன்னது. எந்தக் குதிரை? கணக்கில் அப்போதே வெட்டுப்பட்டுவிட்ட அதே குதிரை! கண் முன்னால் இன்னும் எஃப்3-ல் நிற்கிறதே, அதுதான் ஏமாற்றியது. நாலே நகர்த்தலில் தோற்றேன். போர்டு இல்லாமல் ஆடும்போது இப்படிப் பழைய படம் வந்து மறைப்பதில்லை. ஒவ்வொரு நகர்த்தலையும் மனதில் புதுப்பித்தே ஆக வேண்டும்.

சிப்பாய்நடை: சிறுவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். ஜி5 கட்டம் கறுப்பா வெள்ளையா என்று சட்டென்று சொல்ல வராதவர் முழு ஆட்டத்தில் இறங்கினால் மண்டைவலிதான் மிச்சம். காயின் உருவத்தை மனதில் பார்க்கவும் முயல வேண்டாம். அது எங்கெல்லாம் பாயும் என்று தெரிந்தால் போதும். உளவியலாளர் பினே 1894-லேயே இதை எழுதிவிட்டார்.

இறுதியாட்டம்: அந்த எஃப்3 குதிரை எனக்கும் பழக்கமானதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு மருந்து வேறு. புதிரைக் காய் தொடாமல் கடைசிவரை போடுங்கள், அப்புறம் கண்ணை மூடி முடிவு நிலையில் ஒவ்வொரு காயும் எங்கே என்று சொல்லுங்கள்.

குதிரைவீரன்: அதுவும் கண்கட்டு ஆட்டத்தின் ஒரு துண்டுதானே?

இறுதியாட்டம்: அந்தத் துண்டு போதும் என்கிறேன். முழு ஆட்டத்தில் முதல் பத்து நகர்த்தல் மனப்பாடமான ஓப்பனிங், அதாவது வழக்கமான தொடக்க நகர்த்தல்கள். அதில் மனம் எதைப் புதுப்பிக்கிறது?