நீராவிச் சம்மட்டி வேலையில் ஆபத்து எதில் இருந்தது?

கேள்வி: கார்த்தி_வாசகன்
வணக்கம். ஜேம்ஸ் நாஸ்மித் உருவாக்கிய நீராவிச் சம்மட்டியைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன்; நீராவியால் கனத்த தலையைத் தூக்கிச் சூட்டு இரும்பின் மேல் அடிக்கும் இயந்திரம் அது. ஒயின் கிளாஸில் முட்டையை வைத்து, கிளாஸுக்கு ஒன்றும் ஆகாமல் முட்டை ஓட்டை மட்டும் உடைத்துக் காட்டுவார்களாம். டன் கணக்கில் கனமுள்ள ஒன்றை அப்படி அடக்க முடியுமா? முடியும் என்றால் அந்த வேலையை ஏன் அவ்வளவு ஆபத்தானது என்கிறார்கள்?

பதில்: இயந்திர_வரலாறு
முதலில் அது எதற்காக வந்தது என்று பாருங்கள். அதற்கு முன் இருந்த சாய்வுச் சம்மட்டியில் ஒரு நீண்ட தண்டின் நுனியில்தான் தலை இருக்கும். பட்டடையில் (அடியைத் தாங்கும் அடிக்கட்டை) பெரிய இரும்பை வைத்தால் அதுவே இடத்தை அடைத்துக்கொள்ளும், தலை விழ உயரம் இருக்காது. பலத்த அடி தேவைப்படும் இடத்தில்தான் அடி மிக மெலிதாக விழும். 'கிரேட் பிரிட்டன்' கப்பலின் துடுப்புச் சக்கரத் தண்டை அடிக்க ஆள் கிடைக்காதபோதுதான் 1839 நவம்பர் 24 அன்று நாஸ்மித் நீராவிச் சம்மட்டியின் படத்தை வரைந்தார். கப்பல் பிறகு திருகு விசிறிக்கு மாறியதால் அந்தத் தண்டே தேவைப்படவில்லை. பிரான்சின் லெ க்ரூசோ இரும்பு ஆலையில் பூர்தோன் என்ற பொறியாளர் முதலில் ஒன்றைக் கட்டிவிட்டார். 1842இல் நாஸ்மித் அதை நேரில் பார்த்து, திரும்பி வந்ததும் காப்புரிமை வாங்கினார்.

பதில்: பழைய_ஹாமர்க்காரன்
தம்பி, நான் 22 வருஷம் ஹாமர் பட்டறையில் இருந்தவன். முதலில் அடியைக் கட்டுப்படுத்தும் லீவர் பிடித்தேன், அப்புறம் சூட்டு இரும்பைப் பிடிக்கும் கொறடு பிடித்தேன். முட்டைக் கதையை நம்பலாம். பிஸ்டனுக்கு அடியில் நீராவியைக் கொஞ்சம் மிச்சம் வைத்தால் அது மெத்தை போலத் தலையைத் தாங்கும். அந்த மிச்சம் எவ்வளவு என்பது லீவர்க்காரன் கைக்குத்தான் தெரியும்.

ஆனால் முட்டை அசையாது. இரும்பு அப்படியில்லை. துண்டு பட்டடையில் சமமாக உட்காராமல் ஒரு முனை தூக்கி நின்றால், அடி விழுந்த கணத்தில் கொறட்டின் கைப்பிடி மேலே எகிறும், அல்லது நேராகப் பின்னால் வரும். அதனால்தான் கொறட்டை இடுப்புக்குப் பக்கவாட்டில் பிடி, வயிற்றுக்கு நேராகப் பிடிக்காதே என்று முதல் நாளே சொல்லிவிடுவார்கள். என்னோடு வேலை செய்த ஒருவர் ஒரே ஒரு அடிக்கு அதை மறந்தார். விலா எலும்பு இரண்டு போயிற்று. அன்று லீவரில் இருந்தவன் நான். துண்டை உட்கார வைக்க ஒரு லேசான அடி முதலில் தட்டியிருக்க வேண்டும், தட்டவில்லை. அது என் தப்புதான், இன்றும் மனதை விட்டுப் போகவில்லை.

அடுத்தது ஆறிப்போன இரும்பு. சூடான இரும்பு அடியை வாங்கிக்கொள்ளும். ஆறியது வாங்காது, அதிர்ச்சி முழுவதும் பிஸ்டன் தண்டுக்குப் போய் ஒருநாள் தண்டே முறியும். டையை (இரும்பின் மேல் படும் அடிமுகத்தை) இறுக்கும் ஆப்பு தளர்ந்திருந்தால் அது தோட்டா மாதிரிப் பறக்கும். பட்டடையில் தண்ணீர் தேங்கியிருந்தால் சூட்டு இரும்புக்கு அடியில் அகப்பட்டு வெடிக்கும், இரும்பின் மேல் படிந்த செதில் முகத்தில் தெறிக்கும்.

அந்தக் காலத் தேனிரும்பு (அடித்துப் பதப்படுத்தும் இரும்பு) வேலை இதைவிடக் கொடுமை. உலையிலிருந்து எடுத்த இரும்பு உருண்டைக்குள் உருகிய கசடு நிறைந்திருக்கும். சம்மட்டி இறங்கினால் அது நாலாபுறமும் பீறிடும். காலுக்கு இரும்புக் கவசமும், தோல் ஏப்ரனும், முகத்துக்குக் கம்பி வலையும் மாட்டிக்கொண்டு நின்றார்கள்.

திறமை எங்கே என்றால், பெரிய தண்டின் முனையைப் பாருங்கள். அடி உள்ளே வரை போயிருந்தால் முனை நடுவில் புடைத்து வரும். மேலோட்டமாக மட்டும் போயிருந்தால் ஓரங்கள் நீண்டு நடுவில் குழியும். அந்தத் தண்டு வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே விரிசல் ஒளிந்திருக்கும். லெ க்ரூசோ 1877இல் 100 டன் சம்மட்டி கட்டியதும், அமெரிக்காவின் பெத்லஹேம் இரும்பு நிறுவனம் 1891இல் 125 டன்னுக்குப் போனதும் இதற்காகத்தான்; கனத்த இரும்பின் நடுவரை அடி போக வேண்டும். பிறகு மெதுவாக அழுத்தும் ஹைட்ராலிக் பிரஸ் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. அதுதான் சரி என்பேன்.

கார்த்தி_வாசகன்: ஐயா, மிக்க நன்றி. அந்தச் சத்தத்தில் லீவர்க்காரருக்கு எப்படிச் சொல்வீர்கள்?

பழைய_ஹாமர்க்காரன்: வாயால் சொல்லிப் பயனில்லை. தலையசைப்பு ஒன்று லேசான அடி, கட்டைவிரல் கீழே காட்டினால் பலத்த அடி, கையை விரித்தால் நிறுத்து. எங்கள் பட்டறையில் வைத்துக்கொண்ட சைகை அது, ஒவ்வொரு பட்டறைக்கும் மாறும். லீவர் பிடிக்கிறவன் இரும்பைப் பார்க்கவே கூடாது. அதன் நிறம் கண்ணை இழுக்கும், புதியவன் எல்லாரும் அதைத்தான் பார்ப்பான். நான் கொறட்டுக்காரரின் கையை மட்டும் பார்க்கப் பழகவே ஆறு மாதம் ஆயிற்று.