கபடி அணியோடு மதுரையில் 3 இரவு: லாட்ஜில் என்னென்ன பேசி வைக்கணும்?

பி.டி.டீச்சர்: வணக்கம். 14 வயதுக்குட்பட்ட பெண்கள் கபடி அணி, 12 பேர். கோச் ஆண், மேலாளர் நான். ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கத்தில் நாக்-அவுட் ஆட்டங்கள். விடியற்காலை 5 மணிக்கு மாட்டுத்தாவணியில் பஸ் இறக்கிவிடும். தங்குமிடம் எங்கள் பொறுப்பு. எத்தனை ரூம் எடுப்பது, முன்னாடியே என்ன கேட்டுக்கொள்வது?

ரூம்கணக்கு: டீச்சர், முதலில் செக்-அவுட் முறையைக் கேளுங்க. 24 மணி நேர லாட்ஜ் என்றால் 5 மணிக்கு நுழைந்தாலும் மறுநாள் 5 வரை ஒரு நாள் வாடகைதான். பகல் 12 மணி செக்-அவுட் உள்ள இடத்தில் அந்த விடியற்காலைக்கே தனியாக ஒரு நாள் வாடகை கேட்பார்கள்.

பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் லாட்ஜ் நிறைய உண்டு, ஆனால் மாட்டுத்தாவணி, கே.கே.நகர் பக்கம் எடுத்தால் அரங்கம் கிட்ட. சித்திரைத் திருவிழா, ஐயப்ப சீசன், பெரிய முகூர்த்த நாள் என்றால் சீக்கிரமே பிடித்துவிடுங்க.

ரூமுக்கு 3 பேர், 4 ரூம். உங்களுக்கு ஒன்று, கோச்சுக்கு ஒன்று. 4 பேர் வீதம் போட்டால் வாடகை மிச்சம், ஆனால் ஒரே பாத்ரூமில் காலை நேரம் போய்விடும்.

நாக்-அவுட் என்பதால் இன்னொன்று. முதல் நாளே தோற்றால் மீதி இரவுகளின் வாடகை? "தோற்றால் அன்று மாலையே ரூமை ஒப்படைப்போம், மீதி அட்வான்ஸ் திரும்ப வேண்டும்" என்று வாட்ஸ்அப்பில் எழுதி, மேனேஜரின் சம்மதத்தையும் அதிலேயே வாங்குங்க. வாய்ப்பேச்சு கவுன்ட்டரில் ஆள் மாறியதும் செல்லாது. பில் பள்ளிப் பெயரில் கேளுங்க. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை ஜிஎஸ்டி 5 சதவீதம். பழைய 12 போட்டால் கேள்வி கேட்கலாம்.

அடுத்து சுடுதண்ணி. 15 லிட்டர் கீசர், 2,000 வாட் என்றால் முழுசாகச் சூடாக 20 நிமிடம் ஆகும். இரண்டு பேர் குளித்ததும் மூன்றாவது பிள்ளைக்குப் பச்சைத்தண்ணிதான். ரூமில் யார் எப்போது குளிப்பது என்று முதல் நாள் இரவே சொல்லிவிடுங்க. சோலார் என்றால் விசாரியுங்க, பல இடங்களில் காலை 8 மணிக்கே தீர்ந்துவிடும்.

குடிதண்ணி ஆளுக்கு 3 லிட்டர், 14 பேருக்கு 42. 20 லிட்டர் கேன் இரண்டு போதாது, மூன்று. ஆட்டத்துக்கு முன் பிள்ளைகளின் எடை வரம்பைச் சரிபார்ப்பது முடியும்வரை வயிறு நிறையக் கொடுக்காதீங்க; முடிந்ததும் இட்லி, வாழைப்பழம். சட்னியைவிட சாம்பார் பத்திரம், தேங்காய்ச் சட்னி சீக்கிரம் கெட்டுப்போகும்.

கணுக்கால் பிசகினால் ஐஸ் வேண்டும். கிச்சனில் சொல்லி இரவே இரண்டு தண்ணி பாட்டிலை உறைய வையுங்க. துண்டில் சுற்றி 15 நிமிடம், நேராகத் தோலில் படக்கூடாது. ஜெர்சியை ஃபேனில் தொங்கவிட வேண்டாம், இறக்கை வளைந்தால் காசு உங்க தலையில். 10 மீட்டர் நைலான் கயிறு போதும்.

பி.டி.டீச்சர்: ரொம்ப உபயோகம். கோச் ரூம் பக்கத்தில் இருப்பது நல்லதா?

காவல்: வேண்டாம் டீச்சர். பிள்ளைகளின் 4 ரூமும் ஒரே மாடியில், வரிசையாக, தரைத்தளம் தவிர்க்கணும். படிக்கட்டுப் பக்கத்து ரூம் உங்களுக்கு, கோச் வேறு மாடியில். பிள்ளைகள் ரூமுக்குள் அவர் போகவே கூடாது, டீம் மீட்டிங் எல்லாம் ரிசப்ஷன் ஹாலில், நீங்களும் கூட இருக்கணும். இது அவர்மேல் சந்தேகம் இல்லை, அவருக்கும் பாதுகாப்பு. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098 எல்லாப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம் ஆகணும்.

ரூமுக்குள் போனதும் உள்தாழ்ப்பாள், பாத்ரூம் ஜன்னல், பக்கத்து ரூமுக்குத் திறக்கும் கதவு இருக்கிறதா என்று நீங்களே பாருங்க. தாழ்ப்பாள் சரியில்லை என்றால் அந்த ரூமை மாற்றச் சொல்லுங்க, "நாளைக்கு ரிப்பேர் பண்றோம்" என்பதை ஏற்காதீங்க.

கவுன்ட்டரில் 14 பேருக்கும் அடையாளச் சான்று கேட்பார்கள். கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் ஆதார் நகல், தலைமையாசிரியர் முத்திரையோடு பெயர்ப்பட்டியல், பெற்றோர் ஒப்புதல். எல்லாம் இரண்டு செட். ஒன்றை லாட்ஜ் வாங்கி வைத்துக்கொண்டால் திரும்பக் கிடைக்காது.